உச்சிக்கு மேலே எங்கே போகும்?

2019 கோடையில், மழை வேண்டி யாகம் நடத்துமாறு கோயில்களுக்கு இந்து சமய அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மண் சரிந்தது, உயிர்கள் போயின. யாகம் மழையைத் தருமென்றால் இந்தச் சாவுகளுக்கும் அதுதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாது. மந்திரத்துக்கும் மேகத்துக்கும் தொடர்பில்லை. காற்று சூடானால் கூடுதல் நீராவியைச் சுமக்கும், பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். அந்தச் சூட்டை ஏற்றுவது நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும்.

குன்னூரில் மண் சரிந்து பஸ் நின்றுபோன ஒரு காலை. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "கலி முத்திப்போச்சுங்க, நம்ம கையில என்ன இருக்கு?" அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டில் காரும் இல்லை, ஏ.சி.யும் இல்லை. இரண்டும் வைத்திருக்கிற, படித்த நாம் அதையே சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாம் ஏற்றும் சூட்டுக்கு விலங்குகளும் விலை கொடுக்கின்றன. துருவக் கரடி கடற்பனி மேல் நின்றுதான் சீல் பிடிக்கும். பனி உருகினால் பட்டினி. படத்தில் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறோம். முக்கூர்த்திப் புல்வெளியில் மேயும் வரையாட்டின் கதியும் அதுதான். உச்சியை ஒட்டிய குளிர்ந்த புல்லும் செங்குத்துப் பாறையும்தான் அதன் வீடு. கீழே வெக்கை ஏற ஏற அது மேலே போக வேண்டும். நீலகிரியின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் ஆகாயம். இறங்கி வேறு மலைக்குப் போகலாமென்றால், நடுவில் தேயிலைத் தோட்டம், வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகை, யூகலிப்டஸ், ரோடு, ரிசார்ட். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் எண்ணப்பட்டவை 1,303.

வரையாட்டுக்கென்று அரசு 25 கோடி ரூபாயில் திட்டம் போட்டது நல்ல காரியம். ஆனால் 'மாநில விலங்கு, சிலப்பதிகாரத்தில் வருகிறது' என்று நாம் சொல்லும் காரணம் எனக்குப் போதவில்லை. சிலம்பில் வராத தவளைக்கு என்ன பதில்? அவற்றின் வீட்டைக் கெடுத்தது நாம். காப்பாற்ற அந்த ஒரு காரணமே போதும்.

2024 மே 7 முதல், நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. வியாபாரிகள் பிழைப்பைச் சொல்லிக் கேட்டதில் நியாயம் இருந்தது. "வெயிலுக்கு ஒதுங்கக்கூட அனுமதியா?" என்று கொதித்த பயணிகளிடம் அது இல்லை. வரையாடும் வெயிலுக்குத்தான் ஒதுங்குகிறது. காரில் தனியாக மலையேறுவதை நான் விட்டுவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் பிடிக்கிறேன். நீங்கள் எதை விடப்போகிறீர்கள்?