பழைய மண்ணும் புதிய கட்டடமும்

நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர் அறிஞர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் இரும்புருக்கிய உலைகளும், மணிக்கற்களும், தமிழ்ப் பிராமி பொறித்த ஓடுகளும், கல்வட்டங்களுக்குள் ஈமக்குழிகளும் வெளிப்பட்டன.

கீழடியில் 2023ஆம் ஆண்டு செட்டிநாட்டுப் பாணியில் அருங்காட்சியகம் எழுந்தது. இங்கும் காண வருவோர்க்கு நிழலும் நீரும் கழிப்பிடமும் வேண்டாவா எனில், வேண்டும்தான். ஆயினும், அகழப்பட்டது சிறு பகுதியே. ஆராயாத நிலத்தில் கடைக்கால் தோண்டுவது, படிக்காத ஓலையைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

அருகிலுள்ள ஒரத்துப்பாளையம் அணை நமக்கொரு பாடம். பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அது, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நல்ல நோக்கம் ஒன்றே நன்மையைத் தந்துவிடாது.

ஆகவே கட்டடம் ஈமக்காட்டுக்கு வெளியே, ஆராய்ந்து தெளிந்த இடத்தில், ஆழக் கடைக்காலின்றி எழட்டும். மழைநீரைச் சேமிக்கட்டும், ஒரு துளிக் கழிவையும் நொய்யலுக்கு அனுப்பாதிருக்கட்டும். நாளை பெயர்த்தெடுக்க நேர்ந்தால் மண்ணில் வடு இருத்தலாகாது.

அங்கே உறங்குவோர் நம்மைத் தடுக்க எழுந்து வாரார். இனிப் பிறப்போரும் இன்று வந்து கேளார். இவ்விரு சாராரின் பொருளும் நம் கையில் அமானிதமாய் உள்ளது. வாங்கியவாறே ஒப்படைப்பது நம் கடன் அன்றோ!