ஆசைக்கு அளவு, முதுமைக்கு அரண்

அறநெறி வழுவா இல்லறத்தீரே!

யாம் வந்தவாசிப் பக்கத்தில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பணியின் பொருட்டு வத்திராயிருப்புக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டோம். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீர் கண்மாய்களை நிரப்ப, கண்மாய்கள் நெல்வயல்களை வளர்க்கும் ஊர் இது. ஒவ்வொரு கண்மாய்க்கும் மூன்று உறுப்புகள் உண்டு. நீரைத் தேக்குவது கரை. வேண்டும்போது வேண்டுமளவு வயலுக்கு விடுவது மடை. நிரம்பியபின் மிகுவதை வெளியே அனுப்புவது மறுகால். கரை இல்லையேல் ஐப்பசி மழை தை மாதத்தில் உதவாது. மறுகால் இல்லையேல் ஒரே இரவில் கரை உடையும். இதனை ஆண்டுதோறும் கண்டிருந்தும், எம் வீட்டுப் பொருளுக்கு இம்மூன்றையும் அமைக்க யாம் காலம் கடந்தே கற்றோம்.

அணுவிரதம் ஏற்கவிருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மிடம், “பெரியம்மா, மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நாம் முதுமைக்கென்று பணம் சேர்ப்பது பற்று ஆகாதா?” என்று வினவினார். நல்ல வினா. முனிவர் ஏற்பது மகாவிரதம். அவர்க்கு நாளைக்கென்று ஒன்றும் இல்லை. இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம். சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்கு இரு பெயர்கள் சொல்கிறார். ஒன்று, அளவிட்ட உடைமை. மற்றொன்று, ஆசைக்கு அளவிடல். உடைமையே கூடாது என்று அவர் இல்லறத்தாரை விலக்கவில்லை. நிலம், மனை, பொன், தானியம் முதலியவற்றுக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேல் விரும்பாதே என்கிறார். எல்லை வகுக்க வேண்டுமாயின், நமக்கு எவ்வளவு போதும் என்று முதலில் கணக்கிட வேண்டுமல்லவா? ஆகவே முதுமைக்குத் திட்டமிடுவது இவ்விரதத்துக்குப் பகையன்று; அதன் முதற்படியே ஆகும்.

அளவு வகுக்காதவர் இரு வழியாகக் கெடுவர். ஒருவர் சேர்க்காமல் கெடுவர். மற்றொருவர் போதாது போதாது என்று சேர்க்கப் போய்க் கெடுவர். யாம் இரண்டாம் வகை. பணி ஓய்வின்போது கிடைத்த பணிக்கொடையில் ஒரு பெரும்பகுதியை, அஞ்சலகம் தரும் வட்டி சிறிதென்று எண்ணி, 24 விழுக்காடு தருவதாகச் சொன்ன ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் இட்டோம். எவ்வளவு தேவை என்று எம்மை எவரும் கேட்டிருந்தால் விடை சொல்லத் தெரிந்திராது. இன்னும் வேண்டும் என்பது மட்டுமே தெரிந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அதன் கதவு மூடியது. அடுத்த மழைக்காலத்தில் எம் கணவர் நோயுற்றார். மருத்துவச் செலவுக்கு எம் மருமகள் தன் வளையல்களைக் கழற்றித் தந்தாள். அவற்றை அடகிலிருந்து மீட்க எமக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும், எம் ஆசை இன்னோர் உயிரை வருத்தியது. அஃது இம்சையே என்பதை அன்று உணர்ந்தோம்.

இது எம் ஒருவர் கதையன்று. மாதந்தோறும் 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி என்று சொல்லித் திரட்டியதாக எழுந்த ஆருத்ரா நிறுவன வழக்கில், 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த தொகை 2,400 கோடி ரூபாய்க்கும் மேல். நம்மவர் வாழும் ஆரணி, செய்யாறு பகுதிகளிலும் அது கிளை விரித்திருந்தது. நூறு ரூபாய்க்கு மாதம் இருபத்தைந்து தருபவர் நான்கே மாதத்தில் முதலைத் திருப்பியவர் ஆகிறார். எந்த நேர்மையான தொழிலில் அது கூடும்? மூன்றாம் வகுப்புக் கணக்கு அறிந்தவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆசை கேட்க விடுவதில்லை.

இனி அளவிடும் முறையைச் சொல்வோம். ஒரு குறிப்பேட்டில் இன்றைய மாதச் செலவை எழுதுக. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரு மடங்காகும். அறுபது வயதில் 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு எழுபத்திரண்டில் 40,000 வேண்டும். இதனை மறப்பவரே பெரும்பாலோர். திடீரென வருவாய் நின்றால் தாங்குவதற்கு, ஆறு மாதச் செலவு எளிதில் எடுக்கும்படி தனியே இருக்கட்டும்.

எம் காலத்து ஆசிரியர்க்கு ஓய்வூதியம் உறுதியாக இருந்தது. தமிழகத்தில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றோர்க்குப் பங்களிப்பு முறை வந்தது. கடை வைத்திருப்போர்க்கும் பயிரிடுவோர்க்கும் அதுவும் இல்லை. ஆதலால் இளையோர் இன்றே தொடங்குக. பதினைந்து ஆண்டு முதிர்வுடைய பொது வருங்கால வைப்பு நிதி 1968 முதல் உள்ளது. வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர்க்கு, அறுபதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தரும் அடல் ஓய்வூதியத் திட்டம் 2015-இல் வந்தது. அறுபது கடந்தோர்க்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு; அதன் உச்சவரம்பு 2023-இல் 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. வங்கி வைப்புக்குக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5 இலட்சம் வரையே என்பதையும் நினைவிற் கொள்க.

இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். கணவர் மறைந்தபின் கணக்குப் புத்தகம் எங்கே என்று தேடும் பெண்களை யாம் கண்டிருக்கிறோம். கணவனும் மனைவியும் உடனமர்ந்து அக்குறிப்பேட்டை எழுதுக. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயர் உள்ளதா என்று பார்த்திடுக.

கரையும் மடையும் அமைந்தன. மறுகாலை மறவாதீர். வகுத்த அளவுக்கு மேல் வருவது நம்முடையதன்று. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்துக்கு அஃது உரியது. எம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், எமக்கு இவ்வளவு போதும் என்று ஒரு தொகை எழுதியிருக்கிறோம். அதனை எழுதிய நாள் முதல் எமக்கு உறக்கம் நன்றாக வருகிறது.

வரும் தசலட்சண பருவத்துக்குள் உங்கள் இல்லத்திலும் அத்தொகை எழுதப்படுவதாக.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!