யார் கொடுத்த நோய்?

1907-இல் ஸ்பெயின் அரசி விக்டோரியா யூஜினிக்குத் தலைமகன் பிறந்தான். அவனுக்கு ரத்தம் எளிதில் உறையாது என்று தெரியவந்தது: ஹீமோஃபீலியா. கடைசி மகனுக்கும் அதே நோய். அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோவின் மனம் மனைவியை விட்டு விலகியது. பழி அவள் தலையில் விழுந்தது.

நோய் வந்த வழி என்னவோ அவள் வழிதான். ரத்தம் உறையத் தேவையான ஒன்பதாம் காரணிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாய் தந்தது. தந்தை மகனுக்குத் தருவது ஒய். அதனால்தான் தாய் நலமாக நடமாட, மகன் மூட்டு வீங்கிப் படுத்துக் கிடக்கிறான்.

ஆனால் இரண்டு எக்ஸில் எது கருவுக்குப் போகும் என்பது எந்தத் தாயின் கையிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் சரிபாதி வாய்ப்பு. அதே யூஜினியின் மற்றொரு மகன் ஹுவானுக்கு நோய் இல்லை. இன்றைய ஸ்பெயின் அரசர் அவருடைய பேரன்.

தந்தையர் வழியும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. யூஜினியின் பாட்டி விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டு இந்த நோயோடு வாழ்ந்து, 1884-இல் கீழே விழுந்து அடிபட்டு இறந்தார். அவருடைய ஒரே எக்ஸ் மகனுக்குப் போக வழியில்லை; மகள் ஆலிஸுக்கோ அதிலிருந்து தப்ப வழியில்லை. அவள் மகன் 1928-இல் கார் விபத்துக்குப் பின் ரத்தக்கசிவால் இறந்தான்.

யூஜினியின் தாய் பீட்ரிஸ், பீட்ரிஸின் தாய் விக்டோரியா. அதற்கு மேலே தேடினால் நோயின் தடயம் இல்லை. விக்டோரியா பிறந்தபோது அவள் தந்தைக்கு 51 வயது. வயது ஏற ஏற விந்தணுவில் புதுப் பிழைகள் கூடும். இந்த நோய் அங்கே தொடங்கியிருக்கலாம் என்பது மரபியலாளர் பலரின் ஊகம். 2009-இல், விக்டோரியாவின் வழித்தோன்றல்கள் இருந்த, கொல்லப்பட்ட ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளில் அந்தப் பிழை அகப்பட்டது. ஒன்பதாம் காரணிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது, அவ்வளவுதான்.

தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சுமந்த பழி, ஓர் ஆணின் உடலில் அவனும் அறியாமல் நேர்ந்த எழுத்துப்பிழையில் போய் முடியலாம். அங்கே குற்றவாளி என்று நிறுத்த ஒருவரும் இல்லை. கொடுத்தவள் என்று நாம் சுட்டும் ஒவ்வொருத்தியும் முதலில் அதைப் பெற்றுக்கொண்டு பிறந்த குழந்தை. மகனைத் தோளில் சாய்த்தபடி "என்னாலயா டாக்டர்?" என்று கேட்கும் தாய்க்கு, குரோமோசோம் கணக்கை விளக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.