விரும்பிச் சுமந்த சிலுவை

ஆர்தர் பிளெசிற் என்ற அமெரிக்கச் சமயப் போதகர் 1969ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, 12 அடி நீளமான மரச்சிலுவையொன்றைத் தோளிற் சுமந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து நடக்கத் தொடங்கினார். 2025 சனவரியில் இறப்பதற்குள் அவர் நடந்த தூரம் 43,000 மைல்களுக்கு மேல். இந்நெடும் பயணத்தை மத்தியூ குரௌச் 2009இல் ‘சிலுவை’ என்ற விவரணப்படமாக்கினார். இத்தகைய படங்களைச் சமயப் பிரசாரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் நம்முள் உளர். பிரசாரந்தான், இயக்குநர் கிறிஸ்தவத் தொலைக்காட்சி நிறுவனமொன்றை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆயினும் அந்நடை எழுப்பும் அறவினா ஒதுக்கத்தக்கதன்று. ஒருவன் தானாக விரும்பி ஏற்கும் துன்பம், பிறர்மேற் சுமத்தப்பட்ட துன்பத்துக்குச் சாட்சியாக முடியுமா?

நடைக்கு முந்திய கதையை நாம் நிதானமாக நோக்கவேண்டும். 1960களின் இறுதியிலே, சன்செற் ஸ்றிப் என்னும் கேளிக்கைத் தெருவில், போதைப்பொருளில் அமிழ்ந்து அலைந்த இளைஞருக்காக அவர் ஒரு கோப்பிக்கடை நடத்தினார். 1969இல் அவ்விடத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது, தம்மைச் சிலுவையோடு சங்கிலியாற் பிணைத்துக்கொண்டு தெருவோரத்திலேயே உண்ணாநோன்பிருந்தார். அங்கே சிலுவைக்கு ஒரு கோரிக்கை இருந்தது; அக்கோரிக்கையை மறுக்கும் உடைமையாளரும் இருந்தனர். யார் எதிரே யார் நிற்கிறார் என்பது வழிப்போக்கனுக்கும் விளங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் இறங்கியதும் எதிராளி மறைந்துவிடுகிறான். எஞ்சுவன தூரமும் தோளுமே.

சாலையில் உராய்ந்து மரம் தேயவே, சிலுவையின் அடியிற் சிறு சக்கரமொன்றைப் பூட்டினார். இதைச் சொல்லி நகைப்பது எளிது. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை; பல்லாயிரம் மைல் நடப்பவன் தச்சனைப்போலச் சிந்திப்பது நியாயமே. ஆனால், தானே தேர்ந்துகொண்ட சுமையைத் தானே இலேசாக்கலாம், வேண்டும்போது இறக்கியும் வைக்கலாம் என்பதை அச்சக்கரம் காட்டிவிடுகின்றது. சிலுவையோ உரோம அரசு அடிமைக்கும் கலகக்காரனுக்குமென வைத்திருந்த கொலைக்கருவி. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகசின் கிளர்ச்சியை நசுக்கிய பின்னர், சிறைப்பட்ட அடிமைகள் 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோமாபுரி வரை பெருவழியோரத்தில் அறைவித்தான் படைத்தலைவன் கிராசஸ். நாசரேத்தூர் இயேசு அறையுண்டதும் அதே கருவியிலேதான். அந்த ஆறாயிரவருள் தன் சிலுவையைத் தானே தேர்ந்தவன் எவனுமில்லை.

கின்னஸ் சாதனை நூல் பிளெசிற்றின் நடையை உலகின் மிக நீண்ட யாத்திரையாகப் பதிந்தது. அதன் பின் ஏன் நடந்தார் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, எவ்வளவு நடந்தார் என்பது முன்னுக்கு வருகிறது. அதே அமெரிக்காவில் மில்றெட் நோர்மன் என்ற பெண், ‘சமாதான யாத்திரிகை’ என்ற பெயரோடு 1953 முதல் 1981இல் இறக்கும்வரை நடந்தார். கொரிய யுத்தம் ஓயாத நாளில் தொடங்கிய நடை அது. 1964இல் 25,000 மைலை எட்டியதும் அவர் மைற்கணக்கு வைப்பதையே விட்டுவிட்டார். அவரைப் பற்றி மாணவர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சாதனைப் பட்டியலுக்கு இத்தகையோரால் ஆவது ஒன்றுமில்லை.

1984இல் டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில், எண்ணெய்த் தொழில் நடத்திய ஒருவர் பிளெசிற்றைத் தனியே சந்தித்து அவரோடு இறைவேண்டல் செய்தார். ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் என்பது அவர் பெயர். 2003இல் ஈராக்கின் மீது படையெடுக்க ஆணையிட்ட சனாதிபதி அவரே. அப்போருக்குப் போதகரைப் பொறுப்பாக்குவது நேர்மையன்று. ஆயினும் அச்சந்திப்பைப் பற்றிப் பிளெசிற் கூறியதெல்லாம் ஆன்ம மீட்பைச் சுற்றியே நிற்கிறது. சன்செற் ஸ்றிப்பில் உடைமையாளரிடம் இடம் கேட்டுச் சங்கிலியோடு கிடந்த மனிதர், மிட்லண்டில் எண்ணெய் வணிகரிடம் ஆன்மாவை மட்டுமே கேட்டார்.