கூட்டுத்தொகை

நம் கவிதைகளில் நதி சாவது மிகவும் சுலபமாகிவிட்டது. ஒரு ஆலை, அதன் குழாய், கறுத்த நீர், செத்து மிதக்கும் மீன். எதிரே கவிஞன், சுத்தமான கைகளோடு. இந்தச் சித்திரம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குற்றவாளிக்கு விலாசம் உண்டு என்ற சௌகரியம் இதில் இருக்கிறது. விலாசம் இல்லாதபோது நம் தார்மிக உணர்வு என்ன செய்யும்? அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஓடைகளைப் பற்றிப் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது.

கோஹோ சால்மன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஓடைக்கே திரும்பும் மீன். சீரழிந்து கிடந்த லாங்ஃபெலோ முதலிய ஓடைகளை 1990களில் அந்நகரத்தார் செப்பனிட்டார்கள். மீன்களும் திரும்பி வந்தன. மழை பெய்ததும் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து, வட்டமடித்து, பக்கவாட்டில் சாய்ந்து, சில மணி நேரத்தில் செத்தன. வயிற்றைக் கீறிப் பார்த்தால் முட்டைகள் அப்படியே இருந்தன. அதே நீரில் சம் சால்மன் என்ற உறவு மீன் ஒன்றும் ஆகாமல் நீந்திற்று. ஆக, நதி சாகவில்லை; கோஹோ செத்தது.

‘முட்டையிட்டதும் எப்படியும் சாகிற மீன்தானே?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் ஏறக்குறைய மூன்று வருஷ வாழ்வு முழுவதும் அந்தச் சில நாட்களை நோக்கியே நகர்கிறது. முட்டையிட்டபின் வரும் சாவு அதற்குரியது. இது அதற்குரியதல்ல.

உலோகம், பூச்சிமருந்து, எண்ணெய் எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள். 2020 டிசம்பரில் ‘ஸயன்ஸ்’ இதழில் விடை வந்தது: டயர். ஓசோன் பட்டு ரப்பர் வெடிப்பு விடாமலிருக்க 6பிபிடி என்ற ரசாயனத்தை ஏறக்குறைய எல்லா டயர்களிலும் சேர்க்கிறார்கள். ரப்பருக்கு முன்னால் நின்று அது ஓசோனை ஏற்றுக்கொண்டு, 6பிபிடி-குயினோன் என்று வேறொன்றாகிறது. டயர் தேயத் தேயத் துகளோடு சாலையில் படிந்து, மழையில் ஓடைக்கு இறங்குகிறது. லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோவுக்குப் போதும்.

நான் பாங்கில் குமாஸ்தா. கம்ப்யூட்டர் வருமுன் பத்துப் பைசா இடித்தாலும் ராத்திரிவரை உட்கார்ந்து தேடுவார்களாம். எங்கள் கிளையில் மூத்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தேடினால் தப்பான பதிவு ஒன்று அகப்பட்டே தீரும் என்ற நம்பிக்கை. சியாட்டில் கணக்கில் ஒவ்வொரு பதிவும் சரி. வளைவில் டயர் வெடித்து மனிதன் சாகக்கூடாது என்று நினைத்த ரசாயனக்காரன் சரி. மழையில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போன தாய் சரி. ஓடையைக் குணப்படுத்தி மீனைக் கூப்பிட்ட நகரமும் சரி. கூட்டினால் வருவது செத்த மீன்.

‘நாம் எல்லோரும் குற்றவாளிகள்’ என்று முடித்துவிடுவது பிரசங்கம். எல்லார் தலையிலும் சமமாக விழும் குற்றம் ஒருவர் தலையையும் அழுத்துவதில்லை. தெரியாமல் நடந்தது என்ற சமாதானமும் 2020க்குப் பிறகு செல்லாது.

என்னை உலுக்கிய தகவல் வேறு. மணல், மக்கிய உரம், மரப்பட்டைத் துணுக்கு கலந்த படுகை வழியே அதே சாலைநீரை வடித்து விட்டால் கோஹோ பிழைக்கிறது என்று 2015இலேயே நிரூபித்திருந்தார்கள். கொன்றது எது என்று தெரிவதற்கு ஐந்து வருஷம் முன்பு! குற்றவாளியைப் பிடித்த பிறகுதான் அறம் தொடங்கும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தவனுக்கு இது எளிதில் ஜீரணமாகவில்லை. 2023இல் யூரோக், புயாலப், போர்ட் கேம்பிள் ஸ்க்லல்லாம் என்ற மூன்று பழங்குடியினர் டயரில் 6பிபிடியைத் தடுக்கும்படி அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறையிடம் மனுச் செய்தார்கள். துறை அதை ஏற்று, விதிகள் வகுக்கும் வேலையைத் தொடங்குவதாகச் சொன்னது. மாற்று ரசாயனம் கிடைப்பது லேசல்ல, டயரும் வெடிக்கக்கூடாதே.

சென்ற மாதம் என் ஸ்கூட்டரின் பின்டயரை மாற்றினேன். பழையது மொட்டையாகிவிட்டிருந்தது. தேய்ந்த ரப்பரெல்லாம் எங்கே போயிருக்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு, ‘எங்க போகும் சார், ரோட்லதான்’ என்றார்.