பெட்டிக்குள் தீயணைப்பு வண்டி

ஒரு வஸ்து எந்தக் காரியத்துக்காகப் படைக்கப்பட்டதோ அந்தக் காரியத்தை அதனிடமிருந்து அகற்றிவிட்டு, உருவத்தை மட்டும் இம்மியும் பிசகாமல் காப்பாற்றினால், மிஞ்சுவது அந்த வஸ்துதானா, அல்லது அதன் பெயரைத் தாங்கி நிற்கும் வேறொன்றா என்பது, குடத்தையும் துணியையும் உதாரணமாக வைத்து வாதம் புரிந்த நம் தர்க்க சாஸ்திரிகளுக்கு மிகவும் உவப்பான கேள்வியாக இருந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் தீயணைப்பு வண்டிகளின் உலோகப் பிரதிமைகளைச் சேகரிப்பவரின் கண்ணாடி அலமாரிக்கு அவர்களை அழைத்துச் சென்றிருந்தால், குடத்தை மறந்தே போயிருப்பார்கள்.

கில்ட்ஃபோர்டு நகரத்து டென்னிஸ் கம்பெனியார் செய்ததைப் போன்ற ஒரு பழைய வண்டியை 50-இல் 1 பங்காகச் சுருக்கிய பிரதிமையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சேகரிப்போர் கணக்கில் இது பெரிய அளவு. பெரிய சக்கரங்களோடு வண்டியின் பின்புறம் ஏற்றிச் செல்லப்பட்ட 50 அடி மர ஏணி இந்த அளவில் ஒரே அடியாகிவிடும். கையால் அடிக்கும் பித்தளை மணி மிளகளவு இருக்கும். இருபுறமும் நீளவாட்டில் திறந்த ஆசனங்கள். அவற்றில் ஆட்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மழையிலும் பனியிலும் சென்றார்கள், வேகமாகத் திரும்பும் வளைவுகளில் தெருவில் விழுந்தவர்களும் உண்டு. இந்த அமைப்புக்குப் பிரெய்ட்வுட் என்று பெயர். 1824-இல் எடின்பரோவில் நகரத் தீயணைப்புப் படையை உருவாக்கி, 1833-இல் பத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் படைகள் ஒன்றாக இணைந்தபோது லண்டனுக்குத் தலைமை ஏற்க வந்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் பெயர் அது. தெருவில் நின்று நீரைப் பீய்ச்சுவது வீண், உள்ளே புகுந்து நெருப்பின் மூலத்தையே தாக்கவேண்டும் என்று கற்பித்த அம்மனிதர், 1861 ஜூன் 22-ஆம் தேதி டூலி தெருப் பெருந்தீயில் சுவர் இடிந்து விழுந்து மாண்டார்.

இத்தகைய காரியம் செய்த வண்டியின் பிரதிமையைச் சேகரிப்பவர் எதை வைத்து மதிப்பிடுகிறார் என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. மெய்யான வண்டிக்குக் கரியும் கீறலும் கீர்த்தி. பிரதிமைக்கோ ஒரு சிறு கீறலும் குற்றம், மூலப் பெட்டி இல்லாமை மகா குற்றம். பின்னமடைந்த மூர்த்தி பூஜைக்கு ஆகாது என்ற ஆகம விதியை இங்கே சிலர் நினைவுகூரலாம். ஆனால் மூர்த்திக்குப் பிரதிஷ்டை என்று ஒன்று உண்டு. அது நடவாத வரையில் சிலையும் கல்லே. அலமாரியில் நிற்கும் வண்டிக்கு ஆவாஹனம் செய்வது யார்? டூலி தெருவை நினைக்கிறவன் செய்கிறான் என்று ஒப்புக்கொள்ளலாம்; விலைப்பட்டியலை நினைக்கிறவன் செய்வதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வார்ப்பை வேறு வேறு ஊர்ப் படைகளின் சின்னத்தோடு கம்பெனியார் வெளியிட, அத்தனையையும் வாங்கித் தீர்க்கும் ஆசையை, அனுபவித்தும் ஆசை அடங்காத யயாதியின் கதையைச் சொல்லிக் கண்டிப்பது சுலபம். புஸ்தகம் சேர்ப்பவனுக்கும் அது பொருந்துமாகையால் நான் அதற்குள் போகவில்லை.

நியாய சாஸ்திரத்தில் ஒரு நுட்பம் உண்டு. காட்டில் கிடக்கும் கோல் குயவனின் சக்கரத்தைச் சுற்றாவிட்டாலும், சுற்றுவதற்கான யோக்கியதை அதன் ஸ்வரூபத்திலேயே இருக்கிறது என்பார்கள். அணுயுத்தம் வந்தால் உதவட்டும் என்று 1950-களில் பிரிட்டனில் பெட்ஃபோர்டு வண்டிகளைப் பச்சை நிறத்தில் கட்டி, அவற்றைக் கையாண்ட துணைப்படையை 1968-இல் கலைத்துவிட்டுக் கொட்டகைகளில் நிறுத்தி வைத்தார்களே, ஜனங்கள் கிரீன் காடஸ் என்று அழைத்த அவ்வண்டிகள் காட்டில் கிடந்த கோலே. 1977 நவம்பரில் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தார் அவற்றை ஓட்டிச் சென்று தீயை அணைத்தார்கள். பிரதிமைக்கு இந்த யோக்கியதை எந்நாளும் இல்லை. ஆகையால் நெருப்பை அணைக்கவில்லை என்று அதைக் குறை கூறுவது நியாயமல்ல. அதன் ஸ்வதர்மம் வேறு. குழந்தையின் கையில் ஓடுவதற்காக வார்க்கப்பட்டது அது. பெட்டி திறவாமல் காக்கப்படும் பொம்மை, தனக்கு உரிய அந்த ஒரே காரியத்தையும் இழந்து நிற்கிறது.

அப்படிக் காத்தாலும் நிலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 1930-களில் லிவர்ப்பூல் பின்ஸ் ரோடில் மெக்கானோ கம்பெனியார் வார்த்த டிங்கி பொம்மைகள் பலவற்றில், துத்தநாகக் கலவையோடு அற்பமாக ஈயம் சேர்ந்துவிட்டது. அதன் விளைவாக உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு புகுந்து, வண்டி மெல்ல வீங்கி, மயிரிழைபோல் வெடித்து, தொட்ட இடத்தில் உதிர்கிறது. இதற்குப் பரிகாரம் கிடையாது. யாரும் விளையாடாமல், யாரும் கீழே போடாமல், பல வருஷம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த பொருள், மூடியைத் திறந்தால் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிய தூளாக இருக்கிறது. நாசத்தின் காரணம் வார்ப்பிலேயே கலந்து வந்தது. உறைபோட்டு வைத்த சிரத்தைக்கு அதைத் தொட வழியே இல்லை.

பெரியவர்களுக்கென்றே, விளையாட்டுப் பொருளல்ல என்ற எச்சரிக்கையோடு, இன்று விற்கப்படும் பெரிய அளவுப் பிரதிமைகளின் தர்மம் தரிசனம் ஒன்றுதான் என்று வாதிப்பவருக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. தரிசனத்தைச் சிறிய காரியம் என்று நம்மவர் யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆனால் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால், பெயிண்ட் உதிர்ந்து ஏணி வளைந்த பழைய டிங்கி வண்டியையே நான் எடுப்பேன். பெட்டி இல்லை என்று விற்பவர் விலையைக் குறைத்தால், பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.