பார்த்தவன் சொல்

சித்திரை வெயிலில் மலைக்கோட்டைப் படியேறுவது புத்திசாலித்தனம் அல்ல. சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை மகன் விடவில்லை. உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே பார்த்தோம். தூரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். நடுவே மணலும் கோடு போல் கொஞ்சம் தண்ணீரும்.

"காவேரி எங்கே மாமா?"

"அதுதான். ஆடியில் வந்து பார், அம்மா மண்டபத்துப் படிகளில் தண்ணீர் ஏறி நிற்கும்."

பையன் சிரித்தான். கதை எழுதுகிற மாமா கதை அளக்கிறார் என்று நினைத்திருப்பான்.

இப்படி நம்பப்படாத இன்னொருவரின் நினைவு எனக்கு வந்தது. 1848ல் ரெப்மான் என்ற ஜெர்மானியப் பாதிரியார், கிழக்கு ஆப்பிரிக்காவில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், கிளிமஞ்சாரோ என்ற எரிமலையின் தலையில் பனி கண்டார். சுட்டெரிக்கும் பூமியில் பனியா? லண்டனில் உட்கார்ந்திருந்த பூகோள நிபுணர் ஒப்பவில்லை. 1860களில் வேறு சிலர் மலையேறிப் பார்த்துவந்த பிறகே அவர் சொல் நிலைத்தது.

அந்தப் பனி இப்போது கரைகிறது. 1912ல் ஏறக்குறைய 12 சதுர கிலோமீட்டர். 2011ல் 2 கூட இல்லை. பனிப்பொழிவு குறைந்தது, உலகமும் சூடேறியது. 2050க்குள் மிச்சமும் போய்விடும் என்று யுனெஸ்கோ 2022ல் எச்சரித்தது.

போனால் என்ன? கேள்வி நியாயமானதுதான். அடிவாரத்து ஜனங்களுக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் காட்டில் பெய்யும் மழை. உச்சிப் பனியின் பங்கு சொற்பம். பெரிய பயனில்லாத ஒன்று அழிந்தால் அது நஷ்டமா?

நஷ்டம்தான் என்கிறேன். வேலை செய்ய முடியாத பாட்டி போனாலும் வீடு அழத்தான் செய்கிறது. மனிதர் வேறு, பனி வேறு என்பீர்கள். இருக்கட்டும். என்னை உறுத்துவது இன்னொன்று. ரெப்மானை நம்பாதவர்களைத் திருத்த அந்த மலை இருந்தது. என் வார்த்தையை மெய்யாக்க ஆடி இருக்கிறது; மேட்டூர் திறந்தால் காவேரியே வந்து சாட்சி சொல்லும். எத்தனையோ தலைமுறையாக உறைந்த அந்தப் பனி, போனால் நம் காலத்தில் திரும்பாது. நாளை ஒரு கிழவன், "அங்கே பனி இருந்தது" என்பான். பேரன் சிரிப்பான். பார்த்தவனைப் பொய்யனாக்கிவிட்டுப் போக நமக்கு என்ன உரிமை?

பையனை ஆடிப்பெருக்குக்கு வரச்சொல்லியிருக்கிறேன். காவேரி ஏமாற்றிய ஆடிகளும் உண்டு. அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.